சமுத்ர தீபிகாவுக்கு இரண்டு கிரேன்

மேடம், மொதல்ல அந்தக் கைய எடுங்க. கோவிச்சுக்கிடாதிய. மாடல் கப்பல் பெட்டியத் திறந்து விட்டது நாந்தான், நல்லாத் தொட்டுப் பாருங்கன்னு சொன்னதும் நாந்தான். ஆனா அந்தக் கிரேன மட்டும் ஆட்டாதிய. கொடிக்கம்பத்த ஆட்டுங்க, புகைக்குழாயப் பிடிச்சுத் தூக்குங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

என்ன கேட்டிய? சமுத்ர தீபிகா கப்பலுக்கு ஒரே ஒரு கிரேன்தான, இங்க எப்படி ரெண்டுன்னு. அதுவும் இடதுபக்கம் இருக்கது அச்சுல வார்த்தாப்புல அழகா இருக்கு, வலதுபக்கம் இருக்கது பல்லு தேய்க்கிற பிரஷ் மாதிரி இருக்கேன்னு. பல்லு பிரஷ்தான் மேடம். கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு. அதப் புடுங்கிப் போட்டுட்டு, மிச்சத்தச் சென்னைக்குக் கொண்டு போயி உங்க கடல் ஆராய்ச்சி ஆபீஸ் வாசல்ல வச்சா லட்சணமா இருக்கும்னு உங்க டைரக்டரு போன்ல சொல்லுதாரு. போட்டோவப் பாத்துச் சொல்லுதாரு. போட்டோவப் பாத்துச் சொல்லுத ஆளுக மேல எனக்கு ஒரு காலத்துல பெரிய எகத்தாளம் உண்டு. அதையும் சொல்லுதேன், உக்காருங்க.

டிரைவரு வெளிய டீ குடிக்கட்டும். உள்ள பிலோமி, என் வீட்டுக்காரி, சோறு வச்சிருக்கா. மாசிச் சம்பல் இருக்கு, சாளைக் குழம்பு இருக்கு. தூத்துக்குடிக்கு வந்துட்டு ஓட்டல்ல சாப்பிட்டுப் போனியன்னா எனக்குத்தான் கேவலம். இன்னைக்குப் புதன்கிழம, மெல்கியாசும் வருவான். அந்தப் பல்லு பிரஷ் கிரேனு அவன் செஞ்சதுதான். அவன் வாரதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன். அவன் முன்னால சொன்னா ஊடால ஊடால திருத்துவான்.

நான் அந்தக் கப்பல்ல இருபத்திரண்டு வருசம் சீஃப் குக்கு. கேப்டனுக்கு அடுத்தது சீஃப் குக்குதான். இல்லன்னு சொல்லுவாங்க. கடலுக்குள்ள பத்து நாள் போன பெறவு கேட்டுப் பாருங்க, ஒத்துக்கிடுவாங்க. உங்க ஆராய்ச்சிக்காரங்க என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நடுக்கடல்ல கப்பல நிப்பாட்டி, வட்டமா ஒரு கூண்டு, கூண்டச் சுத்திப் பாட்டிலு, அதக் கிரேன்ல கட்டிக் கடலுக்குள்ள எறக்கித் தண்ணி பிடிப்பாங்க. சுத்திச் சுத்திக் கடல்தான் கெடக்கு. அதுல இருபத்திநாலு பாட்டிலப் பிடிச்சுப் பேரு எழுதி ஒட்டி, பிள்ளையத் தூக்குத மாதிரி தூக்கிட்டுப் போவாங்க. நாங்க சிரிச்சுக்கிட்டே சோறு போடுவோம்.

ஒரு விசயம் சொல்லுதேன், வெளிய விட்றாதிய. எனக்குக் கடலப் பாத்தா வாந்தி வரும். எங்க அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் கடல்லயே கெடந்தவுக. நான் மட்டும் இப்படிப் பெறந்துட்டேன். கப்பல் ஆடுதது ஒண்ணும் செய்யாது, எவ்வளவு வேணாலும் ஆடட்டும். தண்ணியக் கண்ணால பாக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால தொறமுகத்துல தரையப் பாத்துக்கிட்டே ஏறுவேன், நேரா சமையல்கட்டு. பக்கத்துலயே என் படுக்கை. சமையல்கட்டு வட்டச் சன்னலுக்கு உள்பக்கமா வெள்ளப் பெயின்ட் அடிச்சு வச்சிருந்தேன். இருபத்திரண்டு வருசத்துல மேல்தளத்துக்குப் போனது மொத்தம் நாலு தடவ. அதுல மூணு தடவ தீ ஒத்திகை. அப்பவும் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு, முன்னால நிக்கிறவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.

ஆனா அந்தக் கப்பலப் பத்தி எனக்குத் தெரியாத ஆணி ஒண்ணு கிடையாது. கப்பல்ங்கிறது என்ன மேடம்? சமையல்கட்டுதான. மத்ததெல்லாம் அதச் சுமக்கிறதுக்காகக் கட்டினது.

ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தேன். மூணு மாசம் பிலோமிக்குச் சமையல் சொல்லிக் குடுத்தேன். நாலாவது மாசம் அவ கரண்டிய எங்கையில குடுத்து, ஒண்ணு நீ சமை, இல்லன்னா வாயப் பொத்துன்னுட்டா. அந்த நேரத்துலதான் சிங்கப்பூர்ல இருக்க மருமகன் ஒரு பெட்டி அனுப்பினான். நம்ம கப்பலக் கட்டின அதே வெளிநாட்டுத் தளத்துல, அதே அளவுல, அதே மாதிரி இன்னொரு கப்பலும் கட்டிருக்கான். கூடப் பெறந்த கப்பலு. அதுக்கு பிளாஸ்டிக்ல மாடல் வருது. இருநூறுல ஒரு பங்கு. பேரையும் பெயின்டையும் மாத்தினா நம்ம சமுத்ர தீபிகாதான்.

பெட்டியத் திறந்தா கப்பல் இருக்கும்னு நெனச்சேன். சட்டம் சட்டமா பிளாஸ்டிக்கு, அதுல நானூத்திப் பன்னெண்டு துண்டு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. ஒவ்வொண்ணா வெட்டணும், பிசிறு தேய்க்கணும், ஒட்டணும். நகவெட்டியால வெட்டினேன். மீனுல பொடி முள்ளு எடுக்கிற இடுக்கி இருக்கே, அதால பிடிச்சு ஒட்டினேன். மாதா கோயில் மெழுகுவத்தியில மிச்சப் பிளாஸ்டிக்கக் காட்டி இழுத்தா நூல் மாதிரி வரும், அதுதான் உச்சியில நிக்கிற கம்பியெல்லாம். கிரேன்ல தொங்குத கயிறு பிலோமி தலமுடி. வெள்ள முடிதான் அளவுக்குச் சரியா இருந்துச்சு. தூங்கும்போது ஒண்ணு ஒண்ணாப் பிடுங்கினேன். இருக்கதே நாலு முடி, அதையும் கப்பல்ல கட்டப் போறியான்னு ஒரு வாரம் பேசல.

இந்த வட்டச் சன்னல்ல குனிஞ்சு பாருங்க. ஒண்ணும் தெரியாது, சும்மா பாருங்க. உள்ள சமையல்கட்டு இருக்கு. பெட்டியில வந்த சாமான்ல சமையல்கட்டே கிடையாது மேடம், வெறும் பொந்து. உள்ள என்ன இருக்கு, யாரு இருக்கான்னு வெளிநாட்டுக்காரனுக்கு அக்கறையே இல்ல. நான் தனியா மேசை மேல வச்சு, பாதித் தீப்பெட்டி அளவுல ஒரு சமையல்கட்டு கட்டினேன். பின்பக்கச் சுவத்துல அடுப்பு. அடுப்பு மேல இட்டிலிச் சட்டி, அது ஒரு கடுகு. மாவு அரைக்கிற மெசினு, தட்டு அடுக்கு, தொங்குத கரண்டி. அடுப்பு முன்னால வெள்ளத் தொப்பி போட்டு ஒரு ஆளு, நெல்லு ஒசரம். அது நாந்தான். எல்லாத்தையும் உள்ள எறக்கி, மேல தளத்த ஒட்டி மூடிட்டேன். இனி ஒருத்தரும் பாக்க முடியாது. ஆனா இருக்கு.

பெறவு கிரேனு. பெட்டிக்காரன் வலதுபக்கத்துல ஓட்டை போட்டு வச்சிருக்கான், கிரேன அதுல சொருகச் சொல்லி. படம் போட்ட தாள்லயும் வலதுபக்கம். பெட்டி மேல இருக்க போட்டோவுலயும் வலதுபக்கம். எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கிரேனு இடதுபக்கம்னு எனக்குத் தெரியும். போட்டோவ இடம் வலமா மாத்தி அச்சடிச்சிருக்கான்னு பிலோமிகிட்ட சொன்னேன். அவ கண்ணாடிய மாட்டிப் பாத்துட்டு, கப்பல் பேரு எழுத்தெல்லாம் நேராத்தான இருக்குங்கா. எழுத்த மட்டும் பெறவு நேராக்கிருப்பான்னு சொன்னேன். அந்த ஓட்டையப் பட்டி வச்சு அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சுட்டு, ஆணியச் சூடு பண்ணி இடதுபக்கம் புது ஓட்டை போட்டு நட்டேன். நீங்க பாக்கிய இல்லியா, அந்த அழகான கிரேனு, அது.

எப்படித் தெரியும்னு கேளுங்க. நாலாவது தடவ நான் மேல்தளத்துக்குப் போனேன்னு சொன்னேன்ல, அது இந்தக் கிரேனுக்குத்தான்.

மெல்கியாசு அந்தக் கப்பல்ல போசன். மேல்தளத்து ஆளுகளுக்கெல்லாம் தலைவன். கயிறு, கம்பி, கிரேனு எல்லாம் அவன் பொறுப்பு. நாங்க ஒரே வருசம் சேந்தோம். நான் ஆக்குத சோத்தப் பத்தி ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல, ஒரு நாளும் மிச்சம் வச்சதும் இல்ல. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால, அந்தமானுக்கு மேற்க நிக்கிறோம். மழை. பாட்டில் கூண்டு மேல வருது. கப்பல் ஒரு பக்கமாச் சாஞ்சது, கம்பி தொய்ஞ்சது, கூண்டு யார் மேலயும் மோதிறக் கூடாதுன்னு இவன் கைய நீட்டிப் பிடிச்சிருக்கான். கம்பி விறைச்சுட்டு. கம்பிக்கும் உருளைக்கும் நடுவுல கை.

நான் அடுப்புல நின்னு சாம்பாரு எறக்கிக்கிட்டு இருக்கேன். சத்தம் கேட்டுச்சு. அது அவன் சத்தம்னு தெரிஞ்சிட்டு. எனக்கு இடது கைப் பக்கம் கதவு. எத்தித் திறந்து ஓடினேன், பதினோரு எட்டு. அங்க கிரேனு, கிரேனுக்குக் கீழ அவன். அன்னைக்கு மட்டும் எனக்கு வாந்தி வரல மேடம். கடலு அங்க இருந்துச்சான்னே எனக்குத் தெரியாது. கட்டியிருந்த ஏப்ரானக் கழத்தி அவன் கையச் சுத்தினேன். மோதிர விரலும் சுண்டு விரலும் இல்ல. ஆராய்ச்சிக்காரர் ஒருத்தரு ஓடி வந்து, பாட்டிலு சிந்திருச்சான்னு கேட்டாரு. நல்ல மனுசர்தான், பதட்டத்துல கேட்டுட்டாரு. அவருக்கு அன்னைலருந்து சாம்பாரு தண்ணியாத்தான் கிடைச்சுது.

விரலு ரெண்டையும் எடுத்து ஐஸ் பெட்டியில வச்சேன், வஞ்சர மீனுக்குப் பக்கத்துல. கரை சேந்தா ஒட்டிருவாங்கன்னு. கரை நாலு நாளு. ஒண்ணும் நடக்கல. அந்த நாலு நாளும் நான் ஐஸ் பெட்டியவே திறக்கல, கப்பலுக்கே காய்கறிதான். கையில கட்டோட படுத்துக்கிட்டு, மூணாவது நாளும் கத்திரிக்காயாலேன்னு கேட்டான் அவன்.

இப்பச் சொல்லுங்க. அடுப்புல நின்னு இடதுபக்கம் ஓடின ஆளு நான். என் காலுக்குத் தெரியாதா கிரேனு எந்தப் பக்கம்னு?

கப்பல் முடிஞ்சது. பூசை முடிஞ்ச ஒரு ஞாயித்துக்கிழம பழைய கப்பல்காரங்க எட்டு பேர வீட்டுக்குக் கூப்பிட்டேன். பிரியாணி. துணி போட்டு மூடி வச்சிருந்தேன், பிலோமிய விட்டுத் திறக்க வச்சேன். எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க. இஞ்சின் ரூம் ஆளுக, ஸ்டோரு ஆளுக, ஒருத்தன் கண்ணு கலங்கிட்டான். மெல்கியாசு மட்டும் சுத்திச் சுத்தி வாரான். அவனுக்குப் பெண்டாட்டி எறந்து ஆறு வருசம் ஆச்சு, பிள்ளைக வெளியூர்ல. ஞாயித்துக்கிழம சோறு எங்க வீட்டுலதான் அவனுக்கு. அந்த உரிமையில பேசுவான். கிரேனு அந்தப் பக்கம் இல்லலேன்னான்.

நான் சிரிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம். எட்டு பேரு முன்னால சொல்லுதான். பெட்டிய எடுத்துக் காட்டுதான், போட்டோவக் காட்டுதான். போட்டோவப் பாத்துக் கப்பல் தெரிஞ்சிக்கிட வேண்டிய நெலமையில நான் இல்லன்னேன். நான் அந்தக் கிரேனுக்குக் கீழ இருபத்திரண்டு வருசம் நின்னவண்டான்னான் அவன். அப்பத்தான் நான் ஒரு வார்த்த சொன்னேன். பெருசா ஒண்ணும் இல்ல மேடம், யாருக்கும் வாயில வாரதுதான். "வலியில ஒனக்கு இடது வலது கொழம்பிட்டுலே. வெரல விட்ட ஆளுக்கு என்ன தெரியும்"னேன்.

கையில வச்சிருந்த தட்ட மேசை மேல வச்சான். மூணு விரலால வச்சான், சத்தமே வரல. செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டான். பிரியாணிய ஒரு வாயி தொடல.

இதுக்குப் போயி பதினாலு மாசம் வீட்டுப் பக்கம் வரல அவன். சின்ன விசயத்துக்கு மூஞ்சியத் தூக்கிட்டுப் போற சுபாவம் அவனுக்கு. நான் மாடல் செஞ்சது அவனுக்குப் பொறாமை, அதான்னு நெனச்சேன். பிலோமி அப்படி நெனக்கல. ஞாயித்துக்கிழம மூணு தட்டு எடுத்து வைப்பா, பெறவு ஒண்ண எடுத்து உள்ள வைப்பா. ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தட்டுச் சத்தம். அவன் பஸ்ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஓட்டல்ல சாப்பிடுதான்னு கேள்விப்பட்டேன். அந்த ஓட்டல் சாம்பார எனக்குத் தெரியும். எனக்கு நெஞ்சு எரியும். அவன் தின்னுததுக்கு எனக்கு எரியுது பாத்துக்கிடுங்க. கோயில்ல அவன் தூணுக்கு அந்தப் பக்கம் நின்னா நான் இந்தப் பக்கம் நிப்பேன். பக்கத்துல நிக்கிறவங்களுக்குச் சமாதானம் சொல்லுங்கன்னு பூசையில சாமியார் சொல்லும்போது ரெண்டு பேரும் வேற ஆளத் தேடுவோம்.

அவன் வந்து, கிரேனு இடதுபக்கந்தான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்பத்தான் உங்க கடுதாசி வந்துச்சு. கப்பல ஒடைக்கக் குடுத்தாச்சு, உங்க மாடல ஆபீஸ் முகப்புல வைக்க ஆசப்படுதோம்னு. படிச்சுட்டு ஒடைக்கிறதப் பத்தி அழுறதா, முகப்பப் பத்திச் சிரிக்கிறதான்னு தெரியாம ரெண்டையும் செஞ்சேன். கூட, நிரப்பி அனுப்பச் சொல்லி ஒரு பாரம். மாடல் சரியா இருக்குன்னு மேல்தளத்துல வேலை பாத்த ஒருத்தரு கையெழுத்துப் போடணுமாம். ஏன் மேடம், சமையல்காரன் கையெழுத்து செல்லாதா? செல்லாதுன்னு போட்டிருக்கிய. தூத்துக்குடியில உயிரோட இருக்க மேல்தளத்து ஆளு ஒரே ஒருத்தன்.

நான் போகல. பிலோமிகிட்ட பாரத்தையும் மாசிச் சம்பல் ஒரு டப்பாவும் குடுத்து விட்டேன். டப்பா காலியா வந்துச்சு. பாரத்துல கையெழுத்து இல்ல. கிரேன்னு அச்சடிச்சிருந்த எடத்தச் சுத்திச் சேப்பு மையில ஒரு வட்டம். மறுபடியும் அனுப்பினேன், இப்ப எறாலு. டப்பா காலி, ரெண்டாவது வட்டம். மூணாவது தடவ நண்டு. அதுக்கு டப்பாவே திரும்பி வரல.

மறுநாள் மத்தியானம் அவனே வந்தான். கையில அந்த டப்பா, இன்னொரு கையில டார்ச்சு. என்னைய ஏறெடுத்துப் பாக்கல. நேரா இந்த மேசைக்கு வந்து, குனிஞ்சு, அந்த வட்டச் சன்னல்ல டார்ச்ச வச்சு ஒத்தக் கண்ணால பாக்கான். நான் உள்ள சமையல்கட்டு வச்சிருக்கேன்னு அன்னைக்கு எட்டு பேரு முன்னால பெருமையடிச்சேன்ல, அது அவனுக்கு மறக்கல. ரொம்ப நேரம் பாத்தான். மொதல்ல சிரிச்சான். இட்டிலிச் சட்டி தெரிஞ்சிருக்கும்.

பெறவு கேட்டான். "அடுப்பு எந்தச் சுவத்துல வச்சிருக்க?"

பின்பக்கச் சுவத்துலன்னேன். இருபத்திரண்டு வருசம் நின்னவனுக்கு அதுகூடத் தெரியாதான்னேன்.

"அப்ப நீ எங்க பாத்துலே நிக்க?"

அவன் உள்ள போயி, பிலோமி கையில இருந்த கரண்டிய வாங்கிட்டு வந்தான். எங்கையில குடுத்தான். தோளப் பிடிச்சுத் திருப்பி, மாடல் கப்பலோட பின்பக்கத்தப் பாக்க நிப்பாட்டினான், உள்ள அந்த நெல்லு ஒசரத்து ஆளு எப்படி நிக்கானோ அப்படி. இடது கைய நீட்டுன்னான். நீட்டினேன்.

என் கை கப்பலோட வலதுபக்கம் நிக்கிது மேடம். பட்டி வச்சு நான் அடைச்ச ஓட்டைக்கு நேரா.

இருபத்திரண்டு வருசம் கப்பல் முன்னால போயிருக்கு, நான் பின்னால பாத்துக்கிட்டே போயிருக்கேன். என் இடது கைப் பக்கம்னா கப்பலுக்கு வலதுபக்கம். எனக்கு அது தோணவே இல்ல. அந்தத் தீப்பெட்டிச் சமையல்கட்ட நானே கட்டி, நானே சரியா அடுப்ப வச்சு, நானே மூடி ஒட்டியும் தோணல. நான் தப்புன்னு சொல்ல வரல. கப்பல்தான் என்கிட்டச் சொல்லாம வேற பக்கம் போயிட்டு இருந்திருக்கு. ஆனா வெரல விட்ட ஆளுக்கு என்ன தெரியும்னு நான் சொன்னேன்ல. அது அப்பத்தான் என் காதுல விழுந்துச்சு, பதினாலு மாசம் கழிச்சு.

மன்னிச்சிருலேன்னு சொல்லணும்னு வாயத் திறந்தேன். சாப்பிட்டியான்னு வந்துச்சு. இன்னும் இல்லன்னான். பிலோமி உள்ள இருந்து தட்டு எடுக்கிற சத்தம் கேட்டுச்சு. மூணு தட்டு. எனக்குக் கண்ணீரு வந்துட்டு, மறைக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. வெங்காயம் உரிச்சே நாப்பது வருசம் அழாதவன் நான்.

சாப்பிட்டு எழுந்ததும் கத்திய எடுத்தேன், இடதுபக்கத்துக் கிரேனப் பேத்து எடுக்க. ஒட்டினது ஒட்டினதுதான், பேத்தா தளமே ஒடையும், ஒடஞ்சா ஒடையட்டும்னு நின்னேன். அவன் என் மணிக்கட்டப் பிடிச்சான். அந்த மூணு விரலு பிடிச்சா இன்னைக்கும் எலும்பு வலிக்கும்.

"வைலே. நீ அந்தப் பக்கமாத்தான ஓடியாந்த"ன்னான்.

அடுத்த நாளு பழைய பல்லு பிரஷ் ஒண்ணக் கொண்டு வந்தான். உக்காந்து அறுத்தான். நான் செஞ்சு தாரேன்னேன், ஒன் வேலையப் பாருன்னான். கம்பியும் கயிறும் பிடிச்ச கை, கடுகு அளவுச் சாமானுக்கு வருமா? பசை விரல்ல ஒட்டுது, விரலு மேசையில ஒட்டுது, ஒரு தடவ தாடியில ஒட்டிட்டு. மூணு புதன்கிழம உக்காந்தான், அதுலருந்து புதன்கிழமச் சோறும் இங்கதான். ஊக்குல கொக்கி வளைச்சான். பிலோமி இந்தத் தடவ அவளே ஒரு முடி பிடுங்கிக் குடுத்தா, எனக்கு ஒரு தடவகூட அப்படிக் குடுத்ததில்ல. பழைய ஓட்டையத் திரும்பவும் துளைச்சு, நட்டுட்டு, ரெண்டடி தள்ளி நின்னு பாத்தான். கோரமாத்தான் இருக்குன்னான். ஆனா சரியா இருக்குன்னான். பெறவுதான் பாரத்துல கையெழுத்துப் போட்டான். கிரேன் சரியான எடத்துல இருக்குன்னு எழுதிருக்கான் பாருங்க. எந்தக் கிரேன்னு எழுதல. அவன் பொய் எழுத மாட்டான்.

ஆகக்கூடி மேடம், உங்க டைரக்டரு அழகா இருக்குங்காரே, அது பொய்க் கிரேனு. புடுங்கச் சொல்லுதாரே, அதுதான் நெசக் கிரேனு. நெசத்தப் புடுங்கினா மெல்கியாசு சென்னைக்கே வந்துருவான், மூணு விரலால அறஞ்சா அஞ்சு விரலு பதியும். பொய்யப் புடுங்கினா எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அன்னைக்கு ஒருத்தன் விழுந்தான், ஒருத்தன் ஓடினான். ரெண்டு பேரும் அந்தக் கப்பல்ல இருந்தோம்ல. ரெண்டும் இருந்தா என்ன கொறஞ்சிரும் உங்க ஆபீசுக்கு?

அப்படியே விட்டுருதேங்கியளா? நல்லது. டைரக்டருகிட்ட நீங்களே சொல்லிருங்க. கேட்டியாட்டி பிலோமி, மேடம் விட்டுட்டாங்க. நாலு தட்டு எடு. டிரைவருக்கும் சேத்து அஞ்சு.

அந்தா வாரான் பாருங்க, குடையப் பிடிச்சுக்கிட்டு. வெயிலுக்குப் பயந்த போசன். நான் சொன்னது எதையும் அவன்கிட்டக் கேக்காதிய, வேற மாதிரி சொல்லுவான்.

என்ன கேக்காரு டிரைவரு? சாப்பிட்டுட்டுக் கெளம்பும்போது மெயின் ரோட்டுக்கு இந்தத் தெரு முனையில இடதுபக்கம் திரும்பணுமா, வலதுபக்கம் திரும்பணுமான்னா?

அத என்கிட்டக் கேக்காதிய மேடம். மெல்கியாசுகிட்ட கேளுங்க.